பழைய கல்லா, புதுப் பலகையா?

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தாமான் குடியிருப்பில் வீடு வைத்திருப்பவர், கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்துக்கு மேசை வாங்க நினைத்தால், விலை கேட்பதற்கு முன்னால் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மேசை இருக்கிறது. ஒன்றில் ஆடுகிறோம். இன்னொன்றில் அம்மா தீபாவளிக்கு முறுக்கு ஆற வைக்கிறார்.

ஏழடி மேசை என்று விற்பதன் ஆடும் பரப்பு பெரும்பாலும் 78 அங்குலத்துக்கு 39. பந்தை அடிக்கும் கோலான கியூ சாதாரணமாக 58 அங்குலம். நாலு பக்கமும் அந்த நீளத்தை விட்டால் 16 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 11 அங்குல அறை வேண்டும். எட்டடி மேசை என்றால் 17 அடிக்கு 13 அடி 4. இது கியூவின் முனை சுவரைத் தொடாமல் நிற்க மட்டும்தான். கையைப் பின்னால் இழுத்து அடிக்க இன்னும் அரையடியாவது இருந்தால் நல்லது. எங்கள் முன்கூடம் 12 அடி அகலம். சோபாவை போர்ச்சுக்குத் தள்ளி, காரைத் தெருவில் விட்ட பிறகும் பக்கவாட்டில் இடித்தது. 48 அங்குலக் குட்டைக் கியூ ஒன்று வாங்கித்தான் சமாளிக்கிறோம். அதற்கு 11 அடி 3 அங்குலம் போதும். பூலைப் போன்ற இன்னொரு ஆட்டமான ஸ்னூக்கரின் முழு மேசையை மறந்துவிடுங்கள். அதன் ஆடும் பரப்பின் நீளம் மட்டுமே 11 அடி 8½ அங்குலம். எங்கள் தாத்தா துரைமார் கிளப்பில் அதைத் துடைக்கத்தான் போயிருக்கிறார்.

சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்: இணையத்தில் வாங்கும் புது எம்.டி.எஃப். பலகை மேசை, இல்லையென்றால் மூடிவிட்ட ஏதாவது ஒரு ஸ்னூக்கர் சென்டரிலிருந்து வரும் பழைய ஸ்லேட் கல் மேசை.

பலகை மேசையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பெட்டியில் வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம், பந்து, கியூ, சாக்பீஸ் எல்லாம் கூடவே இருக்கும். நாங்கள் முதலில் வாங்கிய பலகை மேசையில் முதல் மாதம் பந்து நேராகத்தான் ஓடியது. ஆனால் எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை. ஈரம் குடித்தால் ஊதும், அதுவும் முதலில் ஓரத்திலும் ஆணித் துளையிலும். நம் ஊரில் பிற்பகல் மழை கொட்டிவிட்டுப் போனால் சுவரே வியர்க்கிறது. பலகை என்ன செய்யும்? அடுத்த மழைக்காலத்துக்குள் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்தது. மெதுவாக உருட்டிய பந்தெல்லாம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே பக்கம் போனது. விற்றவரிடம் கேட்டேன். "காலைத் திருகிப் பாருங்கள்" என்றார். மேசை சாய்ந்திருந்தால் காலைத் திருகலாம். பலகையே வளைந்திருந்தால் எதைத் திருகுவது?

கல் ஈரத்தால் ஊதாது. அதற்காகத்தான் அதற்கு இவ்வளவு மரியாதை. வீட்டு மேசைகளில் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை தடிமன் இருக்கும். நல்லவற்றில் மூன்று துண்டாக வரும். மூன்றையும் சமமட்டம் பார்த்து உட்கார வைத்து, இணைப்பில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, காய்ந்ததும் சுரண்டி, மேலே துணி இழுக்க வேண்டும். இதை நாமே செய்யக் கூடாது. பிறகு நாங்கள் வாங்கிய கல் மேசைக்கு ஈப்போவிலிருந்து மேசை கட்டும் ஆள் வந்து அரைநாள் வேலை பார்த்தார். கல்லுக்கு அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டைச் செருகி மட்டம் பிடித்ததை என் மச்சான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். லோரி கூலி, ஆள் கூலி, புதுத் துணி எல்லாம் சேர்த்தால் பழைய மேசை மலிவு என்ற பேச்சு பாதிதான் உண்மை. அதைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கல் நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்கும் சட்டம் மரம்தான் என்பதையும் மறக்காதீர்கள். குனிந்து, டார்ச் அடித்து, கரையான் மண் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

பழைய மேசையில் நான் பயப்படுவது, பந்து மோதித் திரும்பும் ஓர ரப்பரான குஷனுக்கு. வயதாக ஆக ரப்பர் இறுகிவிடும். பந்தை ஓங்கி அடித்துப் பாருங்கள். மேசையின் நீளத்தை மூன்று, நான்கு தடவையாவது கடக்க வேண்டும். 'தொப்'பென்று சத்தம் கேட்டு இரண்டாவதிலேயே நின்றால் ஆறு குஷனையும் மாற்ற வேண்டியிருக்கும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, இங்கிருந்து பக்கம்தான். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் குஷன் ரப்பருக்குக் காசு கொடுக்கும்போது ஒரு சிரிப்பு வராமல் இருக்குமா?

துணியில் இரண்டு வகை. ஸ்னூக்கர் துணியில் ஒரே பக்கம் சாய்ந்த மெல்லிய ரோமம் இருக்கும். ஒரே திசையில் பிரஷ் போட வேண்டும், ஈரத்தில் மந்தமாகும். பூல் மேசைக்கு ரோமம் இல்லாத வழவழ துணியே இந்தக் காற்றுக்குத் தாங்கும்.

பந்து விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். பெட்டியோடு வரும் பாலியெஸ்டர் பந்து சீக்கிரம் கீறல் விழுந்து மங்கும். பெல்ஜியத்தில் செய்யும் அராமித் போன்ற ஃபீனாலிக் பிசின் பந்து விலை கூடினாலும் வருடக்கணக்கில் நிற்கும். ஒன்று மட்டும்: பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. மேசை எதுவோ அதற்கேற்ற செட்டை வாங்குங்கள்.

கியூவில் கடைக்காரர்கள் ஆஷ் மரமா, மேப்பிளா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆஷில் ரேகை தெரியும், மேப்பிள் வழவழப்பாக இருக்கும்; வீட்டில் ஆடுபவருக்கு இது ருசி சமாச்சாரம். கியூ முனையில் ஒட்டும் டிப்பின் அளவுதான் முக்கியம்: ஸ்னூக்கருக்கு 9, 10 மில்லிமீட்டர், பூலுக்கு 13 பக்கம். பூல் பந்தைச் சின்ன டிப்பால் அடித்துக்கொண்டிருந்தால் டிப் சீக்கிரம் நசுங்கும்.

வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆடுவீர்கள் என்றால் இதில் எதுவுமே வேண்டாம். நல்ல கியூ ஒன்றும் உறையும் வாங்கிக்கொண்டு, மணிக்குக் காசு கட்டி டவுன் சென்டரிலேயே ஆடலாம். கல்லும் துணியும் சென்டர் முதலாளியான தவுக்கேயின் தலைவலி. வீட்டில் பிள்ளைகள் தினமும் ஆடுவார்களா, அகலமும் 13 அடி இருக்கிறதா, பழைய கல்லையே எடுங்கள். பலகை மேசை பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதுவும் ஏர்கோன் ஓடும் அறையில், போதும். கியூவை மட்டும் காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். என் முதல் கியூ அப்படித்தான் வெயிலில் வளைந்தது; இப்போது அம்மா ஒட்டடை அடிக்க வைத்திருக்கிறார்.