தூரம், வேகம், நேரம்: எக்ஸ் வைப்பதா, விகிதம் பிடிப்பதா?

குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். அதில் திறனறிவுக் கணக்கு 25. ஒரு கேள்விக்கு முழுசாக ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் என் கட்சி விகிதம்தான். ஒரே கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் 10 நிமிடம் தாமதம். 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகப் போய்விடலாம். தூரம் எவ்வளவு?

எக்ஸ் வழி: எக்ஸ்/4 − எக்ஸ்/5 = 15/60. எக்ஸ்/20 = 1/4. விடை 5 கி.மீ.

விகித வழி: வேகம் 4:5 என்றால் நேரம் 5:4. ஒரு பங்கு வித்தியாசம்தான் 15 நிமிடம். மெதுவாக நடந்தால் 5 பங்கு, அதாவது 75 நிமிடம், ஒன்றேகால் மணி. அதை 4ஆல் பெருக்கினால் 5 கி.மீ.

நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சறுக்குவது அலகில். எக்ஸ் வழியில் முதல் வரியிலேயே நிமிடத்தை மணியாக்கியாக வேண்டும். அவசரத்தில் 15/60க்குப் பதில் 15 என்று எழுதினால் விடை 300 கி.மீ. வரும். நடந்து போகிற ஆளுக்கு 300 கி.மீ.! விகிதத்தில் நிமிடம் கடைசிப் படி வரை நிமிடமாகவே இருக்கும். மாற்றுவது ஒரே ஒரு தடவை, அதுவும் கண்ணெதிரே. 10ஐயும் 5ஐயும் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் இரண்டு வழிக்கும் பொது: ஒன்று தாமதம், ஒன்று முன்னதாக என்றால் கூட்டல், இரண்டும் தாமதம் என்றால் கழித்தல்.

கணக்கு சிக்கலாக ஆக, விகிதத்தின் லாபம் கூடும். 40 கி.மீ. போனதும் ரயிலில் கோளாறு. மீதித் தூரத்தை முக்கால் வேகத்தில் ஓடி 30 நிமிடம் தாமதம். இன்னும் 20 கி.மீ. தள்ளிக் கோளாறு வந்திருந்தால் 20 நிமிடம்தான் தாமதம். மொத்தத் தூரம் எவ்வளவு? முக்கால் வேகம் என்றால் வழக்கமான நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்த 20 கி.மீ.க்குக் கூடியது 10 நிமிடம். ஆக வழக்கமான நேரம் 30 நிமிடம், வேகம் 40 கி.மீ. மொத்தத் தாமதம் 30 நிமிடம். ஆக மீதித் தூரத்துக்கு வழக்கமாக 90 நிமிடம், அதாவது 60 கி.மீ. மொத்தம் 100 கி.மீ. எக்ஸ் போட்டால் இதற்கே இரண்டு சமன்பாடு.

வாய்பாட்டை மனப்பாடம் செய்வோருக்கு ஒரே எச்சரிக்கை: சராசரி வேகத்துக்கான 2அஆ/(அ+ஆ) (அ, ஆ என்பவை இரண்டு வேகங்கள்) இரண்டு தூரமும் சமமாக இருந்தால்தான் செல்லும்.

விகிதம் கைவிடும் இடமும் உண்டு. 300 கி.மீ. தூரம், வேகத்தில் 10 கூட்டினால் 1 மணி நேரம் குறைகிறது. முதல் வேகம் எவ்வளவு? வேக விகிதமே தெரியாதபோது பங்கு பிரிக்க வழியில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இது வந்தால் எக்ஸ்தான். ஸ்டெப் மார்க்கும் அதற்குத்தான். எக்ஸ்² + 10எக்ஸ் − 3000 = 0; −60ஐத் தள்ளினால் 50. ஆனால் இதே கணக்கு நாலு விடையோடு வந்தால் இரண்டு வழியும் வேண்டாம், கொடுத்த விடைகளை வைத்துப் பார்த்தால் போதும்: 300/50 = 6, 300/60 = 5. வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.