பஸ்ஸா, பேருந்தா?

தங்கை கல்யாணப் பத்திரிகையில் "தருமபுரி பஸ் ஸ்டாண்ட் அருகில்" என்று எழுதினேன். சித்தப்பா அதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் "பேருந்து நிலையம்" என்று எழுதினார். எது சரி?

பிறப்பு
பஸ்: 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். 1820களில் பிரான்சின் நாந்து நகரத்தில் ஓடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்து, 1829இல் லண்டனுக்கும் போனது. தனியாக எடுத்தால் 'பஸ்' வெறும் உருபுதான், நம் 'க்கு' மாதிரி. பெங்களூரு போகும் சொகுசு வண்டியை ஆம்னி பஸ் என்கிறோமே, அங்கே அந்த முழுச் சொல்லும் இன்னும் உயிரோடு இருக்கிறது!
பேருந்து: பெரிய உந்து. உந்துதல் என்றால் தள்ளுதல், செலுத்துதல். கேட்டதுமே பொருள் தெரிகிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

பேச்சு
"கிருஷ்ணகிரி பஸ் போயிடுச்சாண்ணா?" என்றுதான் வாயில் வரும். பேருந்து என்றாலும் புரியும், ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எழுத்து
பஸ்ஸில், பஸ்ஸுக்கு என்று எழுதும்போது கை இடறும். பேருந்தில், பேருந்துக்கு என்பது தடையில்லாமல் போகும்.

பத்திரிகை, மனு, பெயர்ப்பலகைக்குப் பேருந்து. போனில் வழி சொல்ல பஸ். சித்தப்பா திருத்தியதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.