பச்சை காட்டும் திரையா, தானே வெட்டும் ரோபோவா?

சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடி பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் ஓரிடம் வந்ததும் கைதேர்ந்த நிபுணரும் நிதானிப்பார். கொழுப்பும் வீக்கமும் மூடிக் கிடக்கும்போது பித்தப்பையின் நாளமும், கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளமும் ஒன்றுபோலவே தெரியும். முன்னதை வெட்டியாக வேண்டும். பின்னதை வெட்டிவிட்டால் நோயாளி மஞ்சள் காமாலை, மறு அறுவை என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்பட நேரும். அதனால்தான் 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் ஒரு விதி வகுத்தார்: பித்தப்பைக்குள் நுழைபவை ஒரு நாளமும் ஒரு தமனியும் மட்டுமே என்று கண்ணால் உறுதி செய்யும்வரை, வெட்டுமுன் அவற்றை இறுக்கி அடைக்கும் கிளிப்பைப் போடக் கூடாது.

இந்த இடத்துக்குத்தான் இரண்டு செயற்கை நுண்ணறிவுகள் போட்டியிடுகின்றன.

ஒன்று கோநோகோநெட். 37 நாடுகளின் 290 அறுவை வீடியோக்களைக் கொண்டு உருவானது. கை வைக்கலாம், வைக்கக் கூடாது என்று திரையில் பகுதி பிரித்து நிறம் காட்டும். வெட்டுவது மனிதர்தான்.

மற்றது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2025 ஜூலையில் வெளியிட்ட எஸ்ஆர்டி-எச் ரோபோ. உடலிலிருந்து பிரித்தெடுத்த எட்டுப் பன்றிப் பித்தப்பைகளில், கிளிப் போட்டு வெட்டும் கட்டத்தின் 17 வேலைகளையும் தானே செய்தது. எட்டிலும் வெற்றி, மனிதரைவிடச் சற்று அதிக நேரம் பிடித்தது, அவ்வளவுதான். பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிரற்ற திசுவில் ரத்தம் பீறிடாது. மூச்சுக்கு ஏற்பக் கல்லீரல் ஏறி இறங்காது.

நிபுணர்கள் முதலாவதை எளிதாக ஏற்பார்கள் என்றே நினைக்கிறேன். திரை சொல்வது தவறென்று பட்டால் புறக்கணித்துவிட்டு மேலே போகலாம். ரோபோ பிசகினால், கண்ணிமைக்கும் நேரத்தில் நாளம் துண்டாகியிருக்கும். உறவினர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதும் மருத்துவர்தான்.

என் தேர்வும் திரைதான். ஆனாலும் அதனிடம் எனக்குப் பயம் உண்டு. போலந்தில் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. செயற்கை நுண்ணறிவைப் பழகியபின், அது இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளில் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டறியும் வீதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகச் சரிந்திருந்தது. கண் சோம்பிவிடுகிறது. பித்தநாளத்தின் அருகே அந்தச் சோம்பல் கூடவே கூடாது.

ஆகவே நிறத்தை முதலிலேயே போடாதீர்கள். பயிற்சி மருத்துவர் தன் கருவியின் நுனியால் நாளம் எது, தமனி எது என்று முதலில் காட்டட்டும். பிறகு திரையில் நிறம் வரட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கத்தரியை வெளியே எடுத்துவிட்டு மூத்தவரை அழையுங்கள்.