வேட்டைக்குப் பைனாகுலர்: பத்து மடங்கு விலை கொடுத்தால் என்ன கிடைக்கும்?

மே மாதம் பிறந்துவிட்டால் டர்பனில் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் நடுவே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம்தான் வேட்டைக் காலம். ஜூலுலாந்துப் பக்கம் ஒரு பண்ணையில் இடம் பிடித்து, இம்பாலா மானோ நியாலா மானோ அடித்து, கறியில் பாதியைக் குழம்புக்கும் மீதியை பில்டாங் என்கிற உப்புக்கண்டத்துக்கும் பிரித்துக்கொண்டு, புரட்டாசி விரதம் வருமுன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள். துப்பாக்கி, உரிமம், பண்ணைக்காரருக்கு முன்பணம் என்று எல்லாம் ஆன பிறகு பைனாகுலர் மட்டும் பாக்கி நிற்கும். "அண்ணா, ஸ்வரோவ்ஸ்கிதான் வாங்கணுமா? அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பது ஆகாதா?" என்று கேட்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவு வகையிலிருந்து நடுத்தரத்துக்குப் போக முடிந்தால் தயங்காமல் போங்கள். நடுத்தரத்திலிருந்து உச்சிக்குப் போவது வேறு விஷயம். நீங்கள் எங்கே வேட்டையாடுகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கண்ணில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க மூன்றை எடுத்துக்கொள்வோம், மூன்றும் 8×42. வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி, நிகான் மோனார்க் எம்7, ஸ்வரோவ்ஸ்கி என்எல் பியூர். இங்குள்ள ரேண்ட் நாணயத்தின் மதிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் டாலரில் சொல்கிறேன். முதலாவது 250 சுற்றுவட்டாரம், இரண்டாவது 500 பக்கம், மூன்றாவது 3,000-ஐத் தாண்டும். இங்கே வந்து சேரும்போது 15 சதவீத வாட் வரியும் சேரும்.

8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

ஏன் என்றால், விலை உயர்ந்த பைனாகுலரை விற்கிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் அந்தி வெளிச்சம்தான். அது பொய்யான வாதம் இல்லை. ஜூன் மாதம் டர்பனில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. புதரை விட்டு விலங்கு வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் எல்லாம் இருட்டிவிடும். அந்த நிமிடங்களில் கண்ணாடியின் தரம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு தெரிகிறது? நல்ல நடுத்தரக் கருவிக்கும் உச்சத்தில் இருப்பதற்கும் ஒளி கடத்துவதில் உள்ள வித்தியாசம் சில சதவீதம். அந்தச் சில சதவீதத்தை நம் கண் பிரித்தறிவது சிரமம். இப்போது 8×42-ஐ 10×42-உடன் ஒப்பிடுங்கள். 10×42-இல் ஒளிவட்டம் 4.2 மி.மீ.தான். பரப்பளவாகக் கணக்கிட்டால் 8×42 தருவது ஒன்றரை மடங்குக்கும் மேல். பத்து என்றால் எட்டைவிட மேல் என்று நினைத்து 10× வாங்கிவிட்டு, வெளிச்சம் போதவில்லையே என்று விலையில் மேலே ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. எட்டையே எடுத்திருந்தால் அந்த வெளிச்சம் சும்மாவே வந்திருக்கும். பெரிய உருவத்தில் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும் என்பதும் உண்மைதான், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் முள்காட்டில் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் நடக்கும் வேட்டைக்கு எட்டு மடங்கு தாராளம். கை நடுக்கமும் குறைவாகத் தெரியும்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இளவயதில் இருட்டில் கண்மணி ஏழு மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் ஏறக்குறைய ஐந்தோடு நின்றுவிடுகிறது. அந்த வயதுக்காரர் 8×56 என்ற கனமான கருவியைச் சுமந்து போனால், அதன் ஏழு மி.மீ. ஒளிவட்டத்தில் ஒரு பகுதி கண்ணுக்குள்ளேயே போகாது.

சரி, நடுத்தரம் எப்படி இவ்வளவு நெருங்கி வந்தது? இப்போது பெரும்பாலும் விற்பவை நேர்க்குழல் வடிவத்தவை. உள்ளே இருக்கும் பட்டகம் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும். சேரும்போது இரண்டும் இசைந்து வராவிட்டால் உருவத்தின் கூர்மை மழுங்கும். இதைச் சரிசெய்யும் பூச்சை 1988-இல் சைஸ் (Zeiss) என்ற ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்தது. வெகுகாலம் அது பணக்காரச் சரக்காகவே இருந்தது. பட்டகத்தின் ஒரு பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சும் தேவை. பழைய மலிவு வகைகளில் அலுமினியம் பூசுவார்கள், வெளிச்சம் கொஞ்சம் அங்கேயே போய்விடும். இன்று டைஎலக்ட்ரிக் எனப்படும் பல அடுக்குப் பூச்சு வந்து, படும் ஒளியில் 99 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. நான் சொன்ன மூன்றிலுமே இந்த வசதிகள் உண்டு. முப்பது வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அப்படியானால் 250-க்கும் 500-க்கும் நடுவே என்ன வித்தியாசம்? இங்கேதான் கொடுக்கும் காசுக்கு அதிகம் கிடைக்கிறது. ஆயிரம் மீட்டர் தூரத்தில் டயமண்ட்பேக் காட்டும் அகலம் 131 மீட்டர், மோனார்க் எம்7 காட்டுவது 145. பத்து சதவீதத்துக்கு மேல் அகன்ற பார்வை. புதருக்குப் புதர் ஓடும் காட்டுப்பன்றியைத் தேடும்போது இதன் அருமை தெரியும். எம்7-இல் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடியும் இருக்கிறது. வெளுத்த வானத்துக்கு எதிரே நிற்கும் கொம்பின் ஓரத்தில் ஊதா நிறம் கசியாமல் இருப்பது அதனால்தான். டயமண்ட்பேக்கை மட்டமென்று சொல்ல மாட்டேன். முதல் முறை வேட்டைக்குப் போகும் தம்பிக்கு நான் தயங்காமல் அதைக் கையில் கொடுப்பேன். வேண்டாம் என்பது அதற்கும் கீழே, பேர் தெரியாத பெட்டிகளில் வருபவற்றைத்தான். இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்காமல் கொஞ்சம் விலகியிருக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும்.

உச்சியில் இருப்பதன் பெருமையையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். என்எல் பியூர் ஆயிரம் மீட்டரில் 159 மீட்டர் அகலம் காட்டுகிறது, அதுவும் நடுவிலிருந்து விளிம்புவரை ஏறக்குறைய ஒரே கூர்மையோடு. கண்ணில் வைத்தால் குழலுக்குள் பார்க்கிற நினைப்பே மறைந்துபோகிறது. டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்திலோ கரூ சமவெளியிலோ காலையிலிருந்து உட்கார்ந்து எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவுகிறவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. மணிக்கணக்கில் பார்த்தும் கண் சோராமல் இருந்தால்தான் பாறை நிழலில் படுத்திருக்கும் மலை ரீட்பக் மான் தென்படும். தொழில்முறை வழிகாட்டிகளுக்கும் அப்படித்தான். வருடம் முழுக்க, நாள் முழுக்க அதிலேயே பிழைக்கிறவர் வாங்கினால் அது முதலீடு. எடையில் மட்டும் அது தோற்கிறது: 840 கிராம், எம்7 670 கிராம்தான்.

ஆனால் வருடத்தில் ஒரு சில வார இறுதிகள் மட்டும் பக்கி என்கிற பிக்கப் வண்டியில் ஏறிப்போய், முள்மரங்களுக்கு நடுவே நடந்து வேட்டையாடுகிறவருக்கு? பைனாகுலரைத் தூக்கி, பார்த்து, இறக்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் எம்7 காட்டாத எதையும் என்எல் பியூர் காட்டி நான் பார்த்ததில்லை.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுடுமுன் அது எந்த விலங்கு, ஆணா பெண்ணா, குட்டி கூட நிற்கிறதா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இம்பாலாவில் கவலை இல்லை, கொம்பு ஆணுக்கு மட்டும்தான். நியாலாவில் வளர்ந்த கடா கருத்து, சடை தொங்க நிற்கும். இளம் கடாவோ பெண்ணைப் போலவே செந்நிறத்தில் வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். நீல வில்டபீஸ்ட், பிளெஸ்பக் என்ற மான் வகைகளில் ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு. அங்கே கொம்பின் அடித்தடிமனையும் உடம்பின் அடிப்பக்கத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். துப்பாக்கியின் ஸ்கோப்பால் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பார்க்கிற பக்கமெல்லாம் துப்பாக்கி முனையும் திரும்பும், அங்கே ஆள் நிற்கலாம். தவிர, பெரும்பாலான பண்ணைகளில் காயப்படுத்தித் தொலைத்த விலங்குக்கும் முழுப் பணம் வைக்க வேண்டும். தவறான விலங்கை அடித்துவிட்டால் பணத்தோடு போகாத ஒரு கனமும் சேரும். அதனால்தான் மலிவோடு நின்றுவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எம்7 வாங்கினால் மிச்சமாகும் 2,500 டாலருக்கு என்ன செய்யலாம்? லேசர் தூரமானி ஒன்று தனியாக வாங்கலாம். கிடைத்த காசில் அதிகத் தோட்டா வாங்கிப் பயிற்சித் திடலில் சுடலாம். கறி தரமாக இருப்பதும் விலங்கின் வேதனை குறைவதும் அந்தப் பயிற்சியில்தான் இருக்கின்றன. இல்லை, உச்சக் கருவிதான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால், பத்து வயதான ஸ்வரோவ்ஸ்கி இஎல் ஒன்றை இரண்டாம் கையாகத் தேடுங்கள். கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பார்த்து வாங்க நினைப்பவர்கள் பேரங்காடியின் விளக்கு வெளிச்சத்தில் தீர்மானிக்க வேண்டாம், அங்கே எல்லாமே அழகாகத் தெரியும். கடை மூடும் நேரத்துக்குப் போய், வாசலில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். எதிர்க்கூரையின் ஆன்டெனாவை வானத்தோடு சேர்த்துப் பாருங்கள், நிறம் கசிவது தெரிந்துவிடும். மரத்தடி நிழலில் இலைகளைப் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், உத்தரவாதத்தைக் கவனமாகப் படியுங்கள். வோர்டெக்ஸ் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது, ஆனால் அதில் திருட்டும் தொலைவதும் சேராது. பக்கியின் இருக்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் வழக்கம் இருந்தால், எந்த விலைக்கு வாங்கினாலும் வீட்டுக் காப்பீட்டில் அதைத் தனிப் பொருளாக எழுதி வையுங்கள்.