கூலன்ட்: போர் தண்ணீரா, கான்சென்ட்ரேட்டா, ரெடிமிக்ஸா?

கத்திரி வெயிலில் கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்கள் டயரையும் ஏசியையும் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். வத்தலக்குண்டு தாண்டி, இரண்டாவது கியரில் ஏசியும் ஓட ஏறும்போதுதான் ரேடியேட்டருக்குள் என்ன ஊற்றியிருக்கிறோம் என்பது வெளியே வரும்.

போர் தண்ணீரை முதலிலேயே தள்ளிவிடலாம். ஆனால் அது சீக்கிரம் கொதித்துவிடும் என்பதற்காக அல்ல. சூட்டை வாங்கிக் கடத்துவதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிட மேல். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால், சுமார் 1 பார் அழுத்தத்தில், தண்ணீர்கூட 120 டிகிரி வரை தாங்கும். கெடுப்பது அதில் கரைந்திருக்கும் சரக்கு. சித்திரை, வைகாசியில் ஆறு மணலாகக் கிடக்கும்போது கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்து சூடு வெளியேறுவதைத் தடுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமானால் உப்பும் சேரும். அது அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போட்டுவிடும். 'அந்தக் காலத்தில் தண்ணீர்தானே ஊற்றினோம்' என்கிற மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. அது அம்பாசடரின் வார்ப்பிரும்பு இன்ஜினுக்கும் பித்தளை ரேடியேட்டருக்கும் ஒத்துவந்த வழக்கம். இப்போதைய வண்டிகளில் ரேடியேட்டர் அலுமினியம். பலவற்றில் இன்ஜினும் அலுமினியம்.

வழியில் ஓஸ் ஒழுகினால் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போவதில் தப்பில்லை. அதை அப்படியே விட்டுவைப்பதுதான் தப்பு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ரெடிமிக்ஸ் என்பது கூலன்டின் மூலச்சரக்கான கிளைக்கால் என்ற திரவமும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்தே வருவது. திறந்து ஊற்றினால் போதும். கான்சென்ட்ரேட்டை டிஸ்டில்டு வாட்டரோடு நாம் கலக்க வேண்டும். அளவில் கை தவறாது என்று பலரும் ரெடிமிக்ஸையே எடுக்கிறார்கள். முழுசாக மாற்றும்போது அங்கேதான் கணக்கு உதைக்கும்.

4.5 லிட்டர் பிடிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் கீழ் பிளக்கைத் திறந்தால் எல்லாமே இறங்கிவிடாது. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒன்றரை லிட்டர் வரை தங்கும். வண்டிக்கு வண்டி இது மாறும். உள்ளே அலசியிருந்தால் அந்த ஒன்றரை லிட்டரும் வெறும் தண்ணீர். அதன் மேல் 50 சதவீத ரெடிமிக்ஸ் 3 லிட்டர்தான் கொள்ளும். ஆக, மொத்தத்தில் கிளைக்கால் 33 சதவீதம்தான் ஆகிறது. நம் வெயிலுக்கு அதிலும் வண்டி ஓடும், இங்கே உறையப் போவதில்லை. ஆனால் துருத்தடுப்பு மருந்தும் அதே அளவுக்கு நீர்த்துவிடுவதால், டப்பாவில் போட்ட கெடுவை நம்ப முடியாது.

கான்சென்ட்ரேட்டில் இந்தத் தொல்லை இல்லை. 2.25 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் சரிபாதி வந்துவிடும். 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கிளைக்கால் ஏற ஏற சூடு வாங்கும் திறன் குறையும். சில பாட்டில்களில் 1:3 (ஒரு பங்கு கான்சென்ட்ரேட்டுக்கு மூன்று பங்கு தண்ணீர்) என்று இருக்கும், அப்போது அந்த விகிதம்தான். கடைசி அலசலையும் டிஸ்டில்டு வாட்டரிலேயே முடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே தங்குவது போர் தண்ணீராகிவிடும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடையில் 5 லிட்டர் கேனாகவே கிடைக்கிறது. வீட்டு ஆர்ஓ தண்ணீர் இதற்கு ஈடல்ல, பல மெஷின்கள் தாதுவைத் திரும்பச் சேர்த்துத்தான் விடுகின்றன.

ஆகவே முழுசாக மாற்றினால் கான்சென்ட்ரேட். குறைந்ததை நிரப்பவும் டிக்கியில் ஒரு லிட்டர் வைத்திருக்கவும் ரெடிமிக்ஸ். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படித்து எடுக்க வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்பது வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் ஓஏடி (OAT, கரிம அமிலத் துருத்தடுப்பு உள்ள வகை) என்றிருந்தால் ஓஏடிதான். கனிம உப்புத் துருத்தடுப்பு உள்ள பழைய ஐஏடி (IAT) வகையோடு கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில சமயம் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். உள்ளே இருப்பது என்ன வகை என்றே தெரியாத செகண்ட்ஹேண்ட் வண்டிக்கு டாப்-அப் வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள்.

ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, மேல் ஓஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அந்த ஓஸ் சுடும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை மட்டம் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். காற்று தங்கிவிட்டால் மலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் திடீரென ஏறும். அதற்கு மருந்தாக, சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். இறக்கிய பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். வாய்க்காலில் கொட்டினால் ஆடும் நாயும் குடித்துவிடும்.

டெல்டாவுக்கே உரிய இன்னொன்று வைக்கோல் தூசி. ரோட்டில் காயும் நெல்லையும் வைக்கோலையும் கடந்து வந்த வண்டியில், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பதர் அடைந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடான ஃபின் மடங்கிவிடும். சாதாரண ஓஸில், இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக அடியுங்கள். சைலன்சரில் சுற்றிய வைக்கோலையும் அப்போதே பிடுங்கிவிடுங்கள், அது தீப்பிடிக்கும்.

மாற்றிய மறுநாளே மலைக்குக் கிளம்ப வேண்டாம். வேளாங்கண்ணி வரை ஒருமுறை போய் வந்து, அடுத்த நாள் காலையில் ஆறிய இன்ஜினில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள். மறுபடியும் குறைந்தால் ஓஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப், மூடியின் ரப்பர் என்று வரிசையாகத் தேட வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் இறங்கினால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.