சுக்கான் இழுப்பு: திருத்தங்களுக்குப் பின் பல பருவங்கள் ஓட்டிய அனுபவம்

சென்டர்போர்டும் (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) தூக்கு சுக்கானும் (பலகையை மேலே தூக்கக்கூடிய சுக்கான்) கொண்ட சிறு பாய்மரப் படகு. காற்று ஏறினால் அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பும், டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) இழுத்துப் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும். இதைத்தான் சுக்கான் இழுப்பு என்கிறேன். திருத்தங்கள் செய்து பல பருவம் ஓட்டியபின் எது நிலைத்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில், கை வலிப்பதும் டில்லர் கோணமும் வேறு வேறு கோளாறுகள். டில்லர் நடுவில் இருக்கும்போது காக்பிட்டில் (ஓட்டுபவர் உட்காரும் இடம்) ஒரு கோடு போட்டுவிடுங்கள். 1 மீட்டர் டில்லரின் நுனி 7 செ.மீ. விலகினால் அது 4 டிகிரி. காற்றுக்கு எதிராக ஏறும்போது 3 முதல் 5 டிகிரி இழுப்பு இருப்பது நல்லதுதான். 8 டிகிரியைத் தாண்டினால் சுக்கான் பிரேக் போட்டதுபோல் படகைத் தடுக்கும்.

கோணம் சிறிதாக இருந்தும் கை கனத்தால் சுக்கான் பலகையைப் பாருங்கள். பலகை சற்றே பின்னால் சாய்ந்திருந்தாலும் நீரின் அழுத்தம் சுக்கான் திரும்பும் அச்சுக்குப் பின்னே தள்ளிப்போய்க் கனம் கூடும். பலகையைக் கீழே இழுக்கும் கயிறு நீள்வதே பெரும்பாலும் காரணம். அதை எளிதில் நீளாத டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறாக மாற்றி, பலகை மடங்கும் இடத்து அச்சு போல்ட்டை இறுக்கினோம். செலவு குறைந்த திருத்தம், இன்றுவரை நிற்கிறது. பருவத் தொடக்கத்தில் போல்ட்டை மறுபடி இறுக்கினால் போதும்.

கோணமே பெரிதாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி படகு பக்கவாட்டில் சாயும் சரிவுதான். படகு சாயச் சாய, பாயின் உந்துவிசை படகின் உடலுக்கு வெளியே போய் அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பும். ஆகவே ட்ராவலரை (மெயின் பாயின் கயிறு நகரும் குறுக்குத் தண்டவாளம்) காற்று தள்ளும் பக்கமாகக் கீழே விடுங்கள், கன்னிங்ஹாமையும் (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) அவுட்ஹாலையும் (பாயின் அடிவிளிம்பைப் பின்னே இழுக்கும் கயிறு) இறுக்குங்கள், தயங்காமல் ரீஃப் எடுங்கள் (பாயின் பரப்பைக் குறையுங்கள்). எடையைப் பின்னால் நகர்த்துவதும் உதவும். அணியம் அமிழ்ந்தால் இழுப்பு கூடும். சென்டர்போர்டைக் கால்வாசி தூக்கினால் அது பின்னோக்கிச் சாய்ந்து, பக்கவாட்டு எதிர்ப்பின் மையத்தையும் (படகு பக்கமாக நகர்வதை நீர் தடுக்கும் மையப் புள்ளி) பின்னால் கொண்டுபோகும்; இழுப்பு குறையும். அதற்கு மேல் தூக்கினால் படகு காற்று தள்ளும் பக்கமாக வழுக்கும்.

தொய்ந்த பழைய மெயின் பாயில் (பெரிய முதன்மைப் பாய்) வயிறு, அதாவது பாயின் ஆழமான வளைவு, பின்பாதிக்கு நகர்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு பாய்மரத்தின் சாய்வை மாற்றுவது வீண்வேலை என்பது என் கருத்து. பாயைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பு இருந்தால் மட்டும் மரத்தை நிமிர்த்துங்கள். அசையாத நீரில், மெயின் ஹல்யார்டில் (மெயின் பாயை ஏற்றும் கயிறு) எடை கட்டித் தொங்கவிட்டு, மரத்தின் பின்முகத்திலிருந்து கயிறு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தை இரு பக்கமும் தாங்கும் பக்கக் கம்பிகள் மரத்துக்குப் பின்னால் பூட்டப்பட்டிருந்தால் அவற்றை முதலில் தளர்த்தி, ஃபோர்ஸ்டேயை (மரத்தை அணியத்தோடு கட்டும் முன்கம்பி) 10 மி.மீ. மட்டும் குறுக்குங்கள். சிறு படகில் மரத்தில் ஃபோர்ஸ்டே பூட்டிய இடம் சுமார் 30–40 மி.மீ. முன்னே வரும். பக்கக் கம்பிகளை மீண்டும் இறுக்கி, டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) பின்களைப் போட்ட பிறகே கிளம்புங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 10 மி.மீ.

மிதமான காற்றில் டில்லரை விட்டால் படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் மரம் அதிகம் நிமிர்ந்துவிட்டது. உடனே ஒரு படி பின்வாங்குங்கள், ஏனென்றால் கை நழுவும் நேரத்தில் அந்தப் படகு நிற்காது.