நெக் டை வாங்குமுன் கழுத்தை அளந்துவிடுங்கள்: ரெட்டிங், ஃபார்ஸ்டர், வில்சன், லீ ஒப்பீடு

சுட்ட ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸ்) மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். அதில் புல்லட்டைப் பிடிக்கும்படி கேஸின் கழுத்தைச் சுருக்கும் அச்சு நெக் சைஸிங் டை. அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி பெயரில்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் நாலைந்து டைகளும் நல்ல டைகள்தான். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் பித்தளைக் கேஸின் கழுத்துச் சுவர்: அது எவ்வளவு தடிமன், சுற்றிலும் எவ்வளவு சீராக இருக்கிறது. இதை அளக்காமல் புஷ் (டைக்குள் போடும் அளவு வளையம்) வாங்கினால் டப்பாவில் உபயோகமில்லாத புஷ்கள்தான் சேரும்.

அளவெல்லாம் அங்குலத்தில்தான். லேத் பட்டறைக் கணக்கில் ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. உதாரணத்துக்கு .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம்.

சாதாரண டை கழுத்தை என்ன பாடுபடுத்துகிறது என்று முதலில் பார்க்கலாம். சுட்ட கேஸின் கழுத்து வெளி விட்டம் கிட்டத்தட்ட 0.343 இருக்கும். சந்தையில் கிடைக்கும் மிக மெல்லிய கேஸையும் பிடிக்கவேண்டும் என்பதால் சாதாரண டை அதை 0.330-க்கும் கீழே நசுக்கிவிடும். பிரஸ்ஸின் ராம் (கேஸை டைக்குள் தள்ளும் தண்டு) இறங்கும்போது எக்ஸ்பாண்டர் குண்டு உள்ளிருந்து அதைத் திரும்ப விரித்துக்கொண்டே வெளியே வரும். தேவைக்கு மேல் சுருக்கி, மறுபடி விரிப்பதால் பித்தளை சீக்கிரம் கடினமாகிக் கழுத்து பிளக்கும். குண்டு இழுத்துக்கொண்டு வரும்போது கழுத்து ஒரு பக்கம் சாயவும் செய்யும். இந்த இரட்டை வேலையைத் தவிர்க்கத்தான் புஷ் டை. டையின் உள்ளே மாற்றிப் போடக்கூடிய ஒரு வளையம் இருக்கும். அதன் உள் விட்டம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கழுத்து சுருங்கும்.

எந்த எண் புஷ்? மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டா ஐந்து செய்யுங்கள். அதே லாட் கேஸ், அதே புல்லட். கழுத்தின் நடுவில் மைக்ரோமீட்டரால் அளங்கள். வாய்ப் பக்கம் பிசிறு இருக்கும் என்பதால் அங்கே அளந்தால் ஏமாற்றும். வெர்னியர் கேலிப்பர் இதற்குப் போதாது, அதன் பிழையே ஒரு தௌ வரும். வந்த அளவில் 2 தௌ கழித்தால் அதுதான் தொடக்கப் புஷ். சுவர் 0.0145 தடிமன் இருந்தால் கணக்கு இப்படி: புல்லட் 0.308, இரண்டு பக்கச் சுவர் 0.029, மொத்தம் 0.337, புஷ் 0.335. இதே 0.335 புஷ்ஷை 0.0125 சுவருள்ள மெல்லிய கேஸுக்குப் போட்டால் என்ன ஆகும்? தோட்டாவின் கழுத்தே 0.333தான் வரும். புஷ் அதைவிடப் பெரிது, புல்லட்டைப் பிடிக்க எதுவும் இல்லை. விரலால் தள்ளினாலே உள்ளே போய்விடும். கேஸ் பிராண்ட் மாறினால் புஷ் எண்ணும் மாறும். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை அப்படியே ஆர்டர் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

முதல் தடவை மூன்று புஷ் வாங்குவது புத்திசாலித்தனம்: கணக்கில் வந்தது, அதற்கு ஒரு தௌ மேலே, ஒரு தௌ கீழே. பித்தளை பிழிபட்ட பிறகு அரை தௌவிலிருந்து ஒரு தௌ வரை வெளியே மீண்டு வரும். பலமுறை சுட்டு அனீல் செய்யாத (சூடாக்கி மென்மையாக்காத) கேஸ் இன்னும் அதிகமாக மீளும். அதனால் போன வருஷம் சரியாக இருந்த புஷ் இந்த வருஷம் தளர்வாகத் தெரிந்தால் புஷ்ஷைச் சந்தேகிப்பதற்கு முன் கேஸை அனீல் செய்து பாருங்கள்.

பிடிப்பு எவ்வளவு வேண்டும், அதாவது கழுத்து புல்லட்டைவிட எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பது துப்பாக்கியைப் பொறுத்தது. மேசையில் ஊன்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ரைஃபிளுக்கு 1 தௌ போதும். மேகசின் உள்ளதற்கு 2 முதல் 3. அதற்குக் குறைந்தால், போல்ட் தள்ளும்போது புல்லட் முனை, தோட்டா ஏறும் சரிவான ராம்ப்பில் இடித்துப் பின்னுக்குப் போகும். உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். இது அபாயம். டம்மி தோட்டாவை மேகசினிலிருந்து நாலைந்து முறை ஏற்றி இறக்கி, முன்னும் பின்னும் நீளம் அளந்தால் தெரிந்துவிடும். மறுபக்கமும் ஓர் எல்லை உண்டு. தோட்டாக் கழுத்துக்கும் சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் குழி) கழுத்துக்கும் நடுவே குறைந்தது 2, 3 தௌ இடைவெளி இருந்தால்தான் கழுத்து விரிந்து புல்லட்டை விடும். தொழிற்சாலை .308 சேம்பரில் கழுத்து 0.344 அளவில் இருப்பதால் அங்கே கவலை இல்லை. இறுக்கமான கழுத்தோடு தனியாகச் செய்வித்த பேரல் என்றால் கேஸ் கழுத்தைக் கடைந்து மெலிதாக்காமல் தோட்டாவை ஏற்றவே கூடாது.

இப்போது டைகள். ரெட்டிங், நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லேண்டில் இருக்கும் பழைய கம்பெனி. அதன் டைப் எஸ் நெக் டைதான் பலருக்கு முதல் புஷ் டை. வேலை சுத்தம், திரெட் சுத்தம். புஷ் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். விலை பார்க்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புஷ் இரண்டு வகை: சாதாரண ஸ்டீல், தங்க நிறத்தில் டைட்டானியம் நைட்ரைட் பூசியது. பூசியதில் கழுத்து வழுக்கிக்கொண்டு போகும், பித்தளை ஒட்டுவது குறைவு. ஆனால் ஸ்டீல் புஷ் மோசம் என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் உள்ள கரியை மெல்லிய ஸ்டீல் வூலால் துடைத்து, விரல் நுனியில் தொட்ட அளவு மெழுகு தடவினால் ஸ்டீலும் அதே வேலையைச் செய்யும். எந்த எண் என்று தேடிக்கொண்டிருக்கும் நாளில் ஸ்டீல் வாங்குங்கள். எண் நிலைத்த பிறகு வேண்டுமானால் பூசியது.

இந்த டையில் பலர் தவறவிடுவது புஷ்ஷின் ஆட்டம். புஷ் கொஞ்சம் மிதக்க வேண்டும். அப்போதுதான் கழுத்தின் நடுவைத் தானே தேடிக்கொள்ளும். மேல் பகுதியைப் புஷ்ஷைத் தொடும் வரை இறுக்கி, எட்டில் ஒரு சுற்று திரும்பத் தளர்த்துங்கள். டையைக் காதருகே ஆட்டினால் மெல்லிய கிளிக் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் இறுகிப்போயிருக்கிறது. கடகடவென்று ஆடினால் புஷ் சாய்ந்து கழுத்தையும் சாய்க்கும். எக்ஸ்பாண்டர் குண்டைக் கழற்றிவிடுங்கள். புஷ் டைக்குள் அதை விட்டுவைத்தால் எதைத் தவிர்க்க இந்த டையை வாங்கினோமோ அதுவே திரும்ப நடக்கும்.

ரெட்டிங் காம்பெட்டிஷன் நெக் டை இதைவிட ஒரு படி மேல். ஸ்பிரிங் வைத்த ஸ்லீவ் கேஸை முழுக்கத் தாங்கிப் பிடித்த பிறகுதான் புஷ் கழுத்தைத் தொடும். கழுத்தில் எவ்வளவு நீளம் பிழியலாம் என்பதை மேலே உள்ள மைக்ரோமீட்டரால் வைக்கலாம். இந்த ஸ்லீவுக்குத்தான் காசு. கடைந்த கழுத்தும் நல்ல பேரலும் இருப்பவருக்கு அது வீணில்லை. தொழிற்சாலைக் கேஸைக் கடையாமல் போடுகிறவருக்கு இந்தச் செலவு இலக்குத் தாளில் தெரியாது.

ஏன் தெரியாது? புஷ் வெளியிலிருந்து பிழிகிறது. வெளிப்பக்கம் வட்டமாகிவிடும், சுவர் ஒரு பக்கம் 13 தௌவும் மறுபக்கம் 15 தௌவும் இருந்தால் அந்தக் கோணல் முழுக்க உள்ளே தள்ளப்படும். புல்லட் உட்காருவது உள்ளே. எவ்வளவு விலையுள்ள டையானாலும் இதை மாற்ற முடியாது. கழுத்தைக் கடைந்து சுவரைச் சீராக்க வேண்டும், அல்லது உள்ளிருந்து அளவு கொடுக்கும் கருவிக்குப் போக வேண்டும்.

உள்ளிருந்து அளவு கொடுப்பது லீ காலெட் டை. விஸ்கான்சின் மாநிலத்து லீ கம்பெனி என்றால் மலிவு சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இதில் மட்டும் அந்தச் சுளிப்பு செல்லாது. புல்லட் விட்டத்தைவிட 2 தௌ குறைந்த ஒரு மாண்ட்ரல் (உருண்டைக் கம்பி) கழுத்துக்குள் நுழையும். பிளவுபட்ட குழாயான காலெட் வெளியிலிருந்து கழுத்தை அதன்மேல் அழுத்தும். கோணல் வெளிப்பக்கம் போய்விடும், உள்பக்கம் மாண்ட்ரல் மாதிரி வட்டமாக நிற்கும். மெழுகு தேவையில்லை, உராய்வு இல்லை, கழுத்து நீள்வதில்லை, புஷ்ஷும் வாங்க வேண்டாம். ரெட்டிங் காம்பெட்டிஷன் விலையில் பாதிகூட வராது.

ஆனால் கை பழக வேண்டும். புதிதாக வரும் டையில் காலெட்டின் பிளவுகளில் பிசிறு இருக்கலாம். பிரித்து, பிசிறை எமெரியால் தேய்த்து, காலெட்டின் சரிவான வெளிப்பக்கத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ராமை உயர்த்தி ராமின் மேல் கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை டை தொடும் வரை திருகி, ராமை இறக்கி இன்னும் இரண்டு சுற்று திருகுங்கள். கேஸை வைத்துக் கைப்பிடியை அழுத்தும்போது ஒரு இடத்தில் திடமாக நிற்கும். அங்கே சுமார் 25 பவுண்டு அளவு அழுத்தினால் போதும். கேஸை ஒரு திருப்புத் திருப்பி இன்னொருமுறை அழுத்தினால் பிளவுகளின் கோடு மங்கும், பிடிப்பும் சீராகும். பலத்தைக் காட்டி அமுக்கினால் மாண்ட்ரல் மேலே ஏறி அலுமினிய மூடியின் திரெட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். கேஸ் இல்லாமல் வெறும் ஷெல் ஹோல்டரோடு கைப்பிடியை இழுத்துவிடவே கூடாது: காலெட் மூடிக்கொண்டு இறுகிவிடும், அடுத்த கேஸ் நுழையாமல் வாய் நசுங்கும். பிடிப்பு போதவில்லையென்றால் மாண்ட்ரலை டிரில்லில் சுழலவிட்டு நுண்ணிய எமெரியால் ஒரு தௌ குறைக்கலாம். அளந்து அளந்து செய்யுங்கள். அதிகம் தேய்த்தால் புது மாண்ட்ரல்தான்.

வாஷிங்டன் மாநிலம் கேஷ்மியரின் வில்சன் கை டை முற்றிலும் வேறு ரகம். திரெட் கிடையாது, சாதாரண பிரஸ்ஸில் போட முடியாது. ஆர்பர் பிரஸ் என்ற சிறிய கை அழுத்தியின் கீழ் வைத்து அழுத்துவது. கேஸ் முழு உடம்போடு உள்ளே உட்கார்ந்து நேராகப் புஷ்ஷுக்குள் போவதால் கழுத்து சாய வழியே குறைவு. ரேஞ்சுக்கே எடுத்துப்போய் ஐந்தாறு கேஸை மாற்றி மாற்றி நிரப்புகிற பெஞ்ச்ரெஸ்ட்காரர்களின் கருவி இது. ஒரே உட்காரலில் இருநூறு கேஸ் செய்கிறவருக்குக் கை வலிக்கும், பொறுமையும் தீரும். ஹார்னடி, ஆர்சிபிஎஸ் இரண்டும் புஷ் டை தருகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, ரெட்டிங்கை விட்டு இதற்கு வரக் காரணமும் இல்லை. இந்தக் கம்பெனிகளின் புஷ்கள் பெரும்பாலும் ஒன்றின் டையில் மற்றொன்று பொருந்தும். அது ஒரு சௌகரியம்.

இல்லினாய் மாநிலத்து ஃபார்ஸ்டரின் புஷ்ஷிங் பம்ப் டைதான் இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத நல்ல சரக்கு. கழுத்தைப் புஷ்ஷால் பிழியும்போதே தோளையும் (கழுத்து உடம்போடு சேரும் சரிவு) கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும், உடம்பைத் தொடாது. இதன் அருமை மூன்று நான்கு முறை சுட்ட கேஸில் தெரியும். கழுத்தை மட்டும் சைஸ் செய்துகொண்டே போனால் ஒவ்வொரு சூட்டிலும் தோள் முன்னேறி, ஒருநாள் போல்ட் மூட மறுக்கும். அப்போது தோளை 1 முதல் 2 தௌ தள்ளியே ஆக வேண்டும். கம்பேரேட்டர் (தோள் வரையிலான நீளம் பார்க்கும் கருவி) வைத்து அளந்து தள்ளுங்கள். போல்ட் லேசாக மூடுகிறதே என்று 5, 6 தௌ தள்ளினால் கேஸ் அடிப்பக்கம் நீண்டு அறுந்துபோகும்.

நெக் சைஸிங் எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் இங்கேயே தெரியும். செமி ஆட்டோ ரைஃபிளுக்கு இது வேண்டாம். அங்கே உடம்பையும் சேர்த்துச் சுருக்கும் முழு நீள சைஸிங்தான். வேட்டைக்கும் அதுதான் நல்லது, தோட்டா முதல் தள்ளலிலேயே ஏற வேண்டிய இடம் அது. பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களிலேயே பலர் இன்று தோளை ஒவ்வொரு முறையும் ஒரு தௌ தள்ளும் முழு நீள டைக்கு மாறிவிட்டார்கள். ஒரே ஒரு டை வாங்கத்தான் காசு என்றால் நெக் டையை விட்டுவிட்டு முழு நீளப் புஷ் டையை வாங்குங்கள்.

புஷ் டைக்குப் பொதுவான இரண்டு சங்கதி. ஒன்று, புஷ்ஷின் வாய்ச் சரிவால் கழுத்தின் அடியில், தோளை ஒட்டி, ஒரு சிறு பட்டை பிழியப்படாமல் நிற்கும். தோளிலிருந்து நகரும் பித்தளை அங்கே உள்பக்கம் வளையமாகத் தடிக்கும். புல்லட்டின் அடி அதுவரை இறங்கும் தோட்டாவாக இருந்தால், உட்கார வைக்கும்போது கடைசியில் திடீரென இறுகுவதைக் கையிலேயே உணரலாம். ரீமரால் வழித்தெடுக்க வேண்டும், அல்லது அந்த இடத்துக்கு மேலேயே புல்லட்டை நிறுத்த வேண்டும். மற்றது, ஒரே அடியில் நிறையச் சுருக்குவது. 0.343-லிருந்து 0.335-க்கு 8 தௌ. ஒரே தள்ளலில் செய்தால் கழுத்து புஷ்ஷின் எண்ணைவிடச் சிறிதாக வருவதும் சாய்வதும் உண்டு. முதலில் 0.339, பிறகு 0.335 என்று இரண்டு புஷ்ஷில் செய்தால் நேராக நிற்கும்.

எண் நிலைத்து, கேஸ் பிராண்டும் மாறப்போவதில்லை என்று முடிவாகிவிட்டால் புஷ்ஷே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. ஃபார்ஸ்டர் தன் முழு நீள டையின் கழுத்தைக் கேட்ட அளவுக்கு ஹோனிங் செய்து (உள்பக்கம் நுண்மையாகத் தேய்த்து) தருகிறது. கழுத்து முழு நீளத்துக்கும் பிழியப்படும், மிதக்கிற புஷ் இல்லை, ஆடுகிற பாகமும் இல்லை. ஹோனிங்கில் அளவு பெரிதாகத்தான் ஆகும், சிறிதாக்க முடியாது. அனுப்புமுன் அந்த ஐந்து டம்மி தோட்டாவை இன்னொருமுறை அளந்துவிட்டு அனுப்புங்கள்.